வைத்தியர் சொல்லாத பத்தியம்

அமரவிளை செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த ரெத்தினதாஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. லாரி டயரை ஒற்றை ஆளாகக் கழற்றுவார். சபைக் கமிட்டியில் அவர் ஒரு கனை கனைத்தால் பாஸ்டரே பேச்சை நிறுத்துவார். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வந்துவிட்டால் போதும், ஆள் காற்றுப்போன டியூப்தான். அந்தப் பயம்தான் பாவி மனுஷனைக் கட்டின பெண்டாட்டியிடமே பொய் சொல்ல வைத்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அவர் மனைவி புஷ்பபாயின் அம்மா இறந்துபோனாள். அதற்குப் பிறகு புஷ்பபாய்க்கு உறக்கம் இல்லை. அடுப்பில் வைத்தது கரிந்தாலும் தெரியாது, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றவள் பாதிப் பாட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். சபை முழுக்கத் திரும்பி ரெத்தினதாஸைப் பார்த்தது. அவர் கூசிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆசுபத்திரிக்குப் போனால் ஊர் ‘கிறுக்கி’ என்று பேர் வைத்துவிடும். அதனால் உதியன்குளங்கரை செல்லசாமி வைத்தியரை வீட்டுக்கே அழைத்து வந்தார். வைத்தியர் நாடி பார்த்தார். தலைக்கு எண்ணெயும், காலையில் பாலோடு நீர்ப்பிரம்மிச் சாறும் சொன்னார். படியிறங்கும்போது ரெத்தினதாஸிடம் பத்தியமும் சொன்னார்.

“புளியும் கருவாடும் வேண்டாம் மக்கா. பாக்கியெல்லாம் வழக்கம்போல. ஆளுகளோட இருக்கட்டு, பாடட்டு. அதும் மருந்தாக்கும்.”

ரெத்தினதாஸ் உள்ளே வந்து சொன்னது வேறு. “புளி, கருவாடு கூடாது. மருந்து தீருவது வர சபையில பாடப்பிடாது, அயல்வீட்டுக்கும் போகப்பிடாது. கடும் பத்தியமாக்கும்.”

புஷ்பபாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “செரி” என்றாள்.

வயல் வரப்பில் அவரே பிரம்மி பறித்தார், இடித்தார், பிழிந்து கொடுத்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவளும் மிச்சம் வைக்காமல் குடித்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும், பாட்டுச் சத்தம் கேட்காதபடி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் சுருண்டுகொள்வாள். மாதம் ஒன்று போனது. பேச்சு நின்றது, பிறகு சாப்பாடும் நின்றது. மருந்தைக் குறை சொல்லலாமென்றால் ரெத்தினதாஸுக்கு வாய் வரவில்லை. இவளை இந்தக் கதிக்கு ஆக்கியது யாரென்று அவருக்குத் தெரியுமே.

மறுபடி வந்த வைத்தியர், “பாட்டுக்குப் போறியா மக்கா?” என்று அவளிடம் கேட்டார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“நானாக்கும் போகப்பிடாதுன்னது. பத்தியம்னு சொல்லி” என்றார் ரெத்தினதாஸ்.

“எலே, நான் சொல்லாத பத்தியத்த எனக்க தலையில வச்சியா?” வைத்தியர் துண்டை உதறித் தோளில் போட்டார். “இது இனி எனக்க பச்சிலைக்கு அடங்காது. நாளைக்கே நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் டாக்டரக் காட்டு.”

அவர் போனபின் ரெத்தினதாஸ் கட்டில் காலடியில் உட்கார்ந்தார். “உனக்கிட்ட பொய் சொல்லிப்போட்டேன் புஷ்பம்.”

“தெரியும். வைத்தியர் சொன்னது ஜன்னல் வழியா கேட்டுது.”

“பின்ன எதுக்குட்டி பத்தியம் இருந்த?”

“அண்ணைக்கு சபையில நீங்க தலை குனிஞ்சது கண்டேன். உங்களுக்கு வேண்டியாக்கும் பத்தியம் இருந்தேன்.”

மறுநாள் காலையில் செக்போஸ்ட் பஸ் நிறுத்தத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீக்கடைச் சுந்தரதாஸ் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நின்ற அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“டாக்டருக்கிட்ட. இவளுக்கு மனசுக்கு சுகமில்ல” என்றார் ரெத்தினதாஸ். “நோய முத்த வச்சது நானாக்கும்.”