கசார்வாடியில் பிறந்த கீர்த்தனை

மாயவரத்துப் பெண் அகல்யா கல்யாணமாகிப் புனேவுக்கு வந்தது 1992-ல். கணவர் பத்மநாபனுக்கு வங்கி வேலை. வீடு கசார்வாடியில், ஒரு லேத் பட்டறைக்கு மாடியில். பகலெல்லாம் கீழே இரும்பு கிறீச்சிடும். மேலே அகல்யா மாமி சரளி வரிசை சொல்லிக்கொடுப்பாள். சளைத்தது என்னவோ பட்டறைதான். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகள் பாட்டை மராத்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு ஒருவழியாகப் பாடிவிடும்.

மாமிக்குப் பாட்டுக் கட்டும் பைத்தியம் உண்டு. குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு பல்லவி தயாராகிவிடும். ஆனால் தன் பாட்டை முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்த அன்று, மாணவி ஒருத்தியின் அம்மா கேட்டாள்: "இது நீங்களே போட்டதா மாமி? அப்போ நிஜப் பாட்டு எப்போ ஆரம்பிப்பேள்?" மாமிக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து யார் கேட்டாலும், "யாரோ பழைய தஞ்சாவூர் வித்வான் பண்ணினது" என்று சொல்லிவிடுவாள். பிறக்கவே பிறக்காத அந்த வித்வானுக்குப் புனேவில் ஏகப்பட்ட மரியாதை.

2004-ல் புனேவின் கேம்ப் பகுதியில் தமிழர்கள் ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். மகர்பட்டாவிலிருந்து மாமியிடம் வந்து கற்றுக்கொண்ட சுஷ்மா, தஞ்சாவூர் வித்வான் பாட்டு என்று மைக்கில் சொல்லிவிட்டு மாமியின் பாட்டைப் பாடினாள். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. முதல் பரிசு வந்த மாதிரிதான் என்று மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

சென்னையிலிருந்து வந்த நடுவர் கிருஷ்ணஸ்வாமி தொண்டையைச் செருமினார். "ரொம்பப் பழைய பாட்டு. எங்க குருநாதரே பாடிக் கேட்டிருக்கேன். அனுபல்லவி ரெண்டாவது வரி மேலே போகணும். இந்தப் பொண்ணு கீழே இறங்கறா. பாடமே தப்பு. மார்க் குறைக்கத்தான் வேணும்."

சுஷ்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. மாமிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வாயைத் திறந்தால் இத்தனை வருஷப் புளுகும் சந்தி சிரிக்கும். நாளைக்கு எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாள்? திறக்காவிட்டால் ஒரு தப்பும் செய்யாத பெண் தோற்றுப்போவாள். மாமி எழுந்துவிட்டாள்.

"அந்த வரி கீழேதான் இறங்கும் சார். பாட்டைப் போட்டது நான்."

கிருஷ்ணஸ்வாமிக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "அப்போ பழைய வித்வான்னு ஏம்மா சொன்னேள்?"

"என் பாட்டுன்னு சொன்னா யார் சார் கத்துப்பா?"

சுஷ்மா இன்னும் மைக் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கத்துப்பேன், மாமி" என்றாள். அது ஹால் முழுக்கக் கேட்டது.