தையல் தெரியாத இடம்

ஷ்டிப் நகரத்துச் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தே காலத்தை ஓட்டியவள் நெவென்கா. அவளைப் பற்றிச் சொல்ல ஊரில் யாரிடமும் பெரிதாக ஒன்றும் இருக்காது, முடியைத் தவிர. இடுப்பைத் தாண்டித் தொங்கும் கறுத்த முடி. த்ராய்கோ அவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று அவனுடைய அக்கா ஸ்டோய்னா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூஞ்சி சுமார்தான். முடி இருக்கே, போதும்" என்றாள். அதை ஒரு பாராட்டு என்றே நெவென்கா பல வருடம் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஸ்டோய்னா பிள்ளை பெறாத விதவை. மாடியில் படுக்கை, கீழே அதிகாரம். நெவென்காவின் இரண்டு பையன்களுக்கும் எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் செருப்பு என்பதுவரை அவள் சொன்னதுதான் நடந்தது.

ஐம்பது வயதுக்குமேல் நெவென்காவுக்கு முதலில் புருவம் போனது. பென்சிலால் வரைந்து சமாளித்தாள். பிறகு நெற்றி மேலே ஏறத் தொடங்கியது. உள்ளூர் டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். ஸ்டோய்னா பூண்டை அரைத்துத் தேய்த்துவிட்டாள். தோல் வெந்ததுதான் மிச்சம். கடைசியில் தலைநகர் ஸ்கோப்யேவுக்குப் பஸ் ஏறிப் போனபோது, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா விளக்கும் லென்ஸுமாக அவள் தலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"முடி முளைக்கிற எடத்தைச் சுத்திச் செவப்பா வளையம் இருக்கும்மா. நான் நெனைக்கிற வியாதின்னா, செத்த வேர் செத்ததுதான், திரும்ப வராது. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். அதுக்கு இந்தச் செவப்பு ஓரத்துலேர்ந்து பயறளவு தோல் எடுத்துப் பாக்கணும். வழுக்கையில எடுத்தாலும் தெரியாது, நல்ல முடியில எடுத்தாலும் தெரியாது. இங்கதான் எடுக்கணும்."

தோல் எடுக்கிற அன்று சாயம் கூடாது, ஸ்ப்ரே கூடாது, காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வர வேண்டும். நெவென்கா எல்லாவற்றையும் பயபக்தியோடு மனதில் ஏற்றிக்கொண்டாள். மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாளே, அந்தச் சந்தோஷத்தில் திரும்பும் வழியில் பஸ்ஸில் தூங்கிக்கூடப் போனாள்.

அதற்குக் கொடுத்த தேதிதான் வினை. மூத்தவன் கோர்யானின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம். கல்யாணத்தில் மாமியார் ஆட்டம் உண்டு. மாப்பிள்ளையின் அம்மா பூ ஜோடித்த சல்லடையைக் கையில் தூக்கிக்கொண்டு வட்டத்தின் முதல் ஆளாக ஆடுவாள். பெண்ணைவிட அன்றைக்கு அவளைத்தான் ஊர் பார்க்கும்.

"நெத்தியில தையலோடயா ஆடப் போற?" என்றாள் ஸ்டோய்னா. "என் தம்பி போட்டு அடிச்சான்னு நெனைக்க மாட்டாங்களா பொண்ணு வீட்ல?"

"அப்ப தேதியத் தள்ளிப் போடலாமா அண்ணி?"

"எதுக்குத் தள்ளணும்? நான் கூட வர்றேன். பேசிக்கிறேன்."

பேசினாள். அன்றைக்குப் பார்த்து இளம் டாக்டரம்மா விடுப்பில் இருந்தாள். கத்தி எடுப்பவர் வேறொரு பெரியவர். ஸ்டோய்னா காப்பித்தூள் பொட்டலத்தையும் வீட்டில் காய்ச்சிய திராட்சைச் சாராயத்தையும் மேசைமேல் வைத்தாள். டாக்டரிடம் வெறுங்கையோடு போவது அங்கே மரியாதை இல்லை.

"அடுத்த வாரம் இவ பையனுக்குக் கல்யாணம் டாக்டர். தையல் தெரியாத எடமாப் பாத்து எடுத்துடுங்க."

"நெத்தி ஓரத்துலன்னு எழுதியிருக்கே" என்று அவர் சீட்டைப் பார்த்து முனகினார்.

"பின்னாடி இருக்கறதும் தலைதானே டாக்டர்?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, குப்புறப் படும்மா" என்றார்.

குப்புறப் படு என்றதுமே நெவென்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஸ்டோய்னாவை மட்டும் திட்டிவிட்டுப் போவது நமக்குச் சுலபம். ஆனால் இவளுக்கும் அந்த ஆட்டம் அழகாக அமைய வேண்டியிருந்தது. பிடரிக்கு மேலே ஊசி இறங்கியது, தோல் மரத்தது, எதையோ திருகி எடுப்பது மாதிரி இருந்தது, இரண்டு தையல் விழுந்தது.

அன்றிரவு தலையணையில் ரத்தம். காயத்தை நனைக்காதே, வாஸலின் மட்டும் தடவு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஸ்டோய்னா வீட்டில் மிச்சமிருந்த சாராயத்தைக் காயத்தில் ஊற்றினாள். நெவென்கா அலறியதைக் கேட்டு த்ராய்கோ டிவி சத்தத்தைக் கூட்டினான். கல்யாணத்தன்று முடி அலங்காரம் செய்தவளின் கொண்டை ஊசி தையலில் மாட்டி இழுத்தது. கண்ணில் நீர் முட்ட நெவென்கா சல்லடையைத் தூக்கி ஆடினாள். மகன் பிரிகிற துக்கம் என்று எல்லோரும் உருகினார்கள்.

பரிசோதனை முடிவு வந்தது: தோலில் கோளாறு எதுவுமில்லை. ஸ்டோய்னா அதைச் சமையலறையில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.

"ஒண்ணுமில்லையாம். இவ்வளவு நாள் நம்மள என்ன பாடு படுத்தினா."

"மனசுலதான் வியாதி" என்றான் த்ராய்கோ.

இளம் டாக்டரம்மா போன் செய்தாள். "பின்னாடியா எடுத்தாங்க? யாரு சொன்னது? அது செல்லாதும்மா, உடனே திரும்ப வாங்க."

"அவளுக்கு வெட்டிப் பழக ஒரு தலை வேணும்" என்று பக்கத்தில் நின்ற ஸ்டோய்னா சொன்னாள். த்ராய்கோ சிரித்தான். நெவென்கா போகவில்லை.

போனபோது ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. நெற்றி உச்சந்தலைவரைக்கும் ஏறியிருந்தது. டாக்டரம்மா முறையான இடத்தில் தானே எடுத்தாள். அவள் முதலிலேயே நினைத்த வியாதிதான். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பவே வந்திருந்தா முன்பக்கத்த நிறுத்தியிருக்கலாம்மா. இப்ப அங்க காப்பாத்த ஒண்ணும் இல்ல."

நெவென்கா பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். வீட்டில் மருந்துச் சீட்டை மேசையில் வைத்தபோது ஸ்டோய்னா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, கோர்யான் கல்யாணத்து வீடியோவுல நல்லா இருக்க" என்றாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் இளையவன் வ்லாட்கோவுக்குக் கல்யாணம் கூடியது. பெண் வீட்டார் ஓஹ்ரித் ஊர்க்காரர்கள், கொஞ்சம் பெரிய இடம்.

"தலையில துணியக் கட்டிக்கிட்டு ஆடினா நல்லாவா இருக்கும்?" என்றாள் ஸ்டோய்னா. "நீ உக்காந்துக்கோ. சல்லடைய நான் எடுத்துக்கறேன்."

நெவென்கா கணவனைப் பார்த்தாள்.

"அக்கா சொல்றதும் சரிதானே" என்றான் த்ராய்கோ.

வ்லாட்கோ செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

கல்யாண மண்டபத்தில் கிளாரினெட் இசை ஏறியதும் ஸ்டோய்னா சல்லடையோடு எழுந்தாள். முடியைப் புதிதாகச் சாயம் போட்டுச் சுருட்டியிருந்தாள். இத்தனை வருடம் எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, அப்படி ஒரு துள்ளல். கேமரா அவள் பின்னாலேயே போனது. ஓரத்து மேசையில் தலைத்துணியோடு உட்கார்ந்திருந்த நெவென்காவின் பக்கத்தில், பெண்ணின் தாய்மாமன் ஒருவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர். அவளுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்.

"பையனோட அம்மா இந்த வயசுலயும் என்னமா ஆடறாங்க பாருங்க."

"ஆமா. நல்லா ஆடறாங்க."

"நீங்க பையனுக்கு என்ன வேணும்?"

"அத்தை" என்றாள் நெவென்கா.