கெலுகோர் வீட்டு அக்கா

கடல் கடந்து போய்க் கெலுகோரில் நான் தங்கிப் படித்த வீட்டின் சொந்தக்காரரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குள்ளமான உருவம், கலைந்த முடியை எப்போதும் ஒரு கிளிப்பில் அடக்கியிருப்பார். நான் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பும் வரை சாப்பிடாமல் காத்திருப்பார்.

கணினிப் படிப்பை விட்டு நாடகத் துறைக்கு மாற மனுக் கொடுத்திருந்ததை அவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

"ஒனக்குப் புடிச்சத படி லா" என்று என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தார்.

அடுத்த வாரம் திருச்சியிலிருந்து அப்பா போன் செய்தார். "நாடகம் ஆடவா ஒன்ன அனுப்புனேன்? கெளம்பி வா" என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கும் முன்பே அவர் சொல்லிவிட்டார். நான் வந்த நாளிலிருந்தே அக்கா வாரம் தவறாமல் அவருக்கு என்னைப் பற்றித் தகவல் சொல்லி வந்திருக்கிறார்.

"ஏன்க்கா சொன்னீங்க?"

"ஒங்கப்பா என்னைய நம்பித்தான விட்டாரு."

"நானும் உங்களத்தான நம்புனேன்."

ஊருக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கு அக்காவே காரோட்டி வந்தார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அது பொய் அழுகை இல்லை. பொய்யாக இருந்திருந்தால், அவரை வெறுப்பது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.