நாற்பதாவது வரிக்குக் கீழே

தங்கப்பொண்ணுவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. மதுரை கே.கே. நகரில் ஐம்பது படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி எங்களுடையது. அவள் மாடி வார்டில் நர்ஸ், நான் கீழே மருந்துக் கவுண்டர். நான் எடுத்துக் கொடுக்கும் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். காலாவதி தேதியை வாய்விட்டுப் படிப்பாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள்.

“என் மூஞ்சியில என்ன தேதி போட்டிருக்கு?” என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

“ஒங்கள சந்தேகப்படலண்ணே. கம்பெனிக்காரனத்தான்.”

அதுவும் பொய். கேன்டீன் தயிரை மோந்து பார்க்காமல் சோற்றில் ஊற்ற மாட்டாள். பயிற்சிக் காலத்தில் கூடப் படித்தவள் நீட்டிய சிரிஞ்சை என்ன ஏது என்று கேட்காமல் வாங்கி, ஊசி மாற்றிப் போட்டுவிட்டாளாம். நோயாளி பிழைத்ததே பெரிய காரியம். அன்றோடு யாரையும் நம்புவதை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் பதினொரு வருஷத்தில் அவள் கையால் ஓர் ஊசி மாறியதில்லை, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வருஷம் வளைகுடாவில் ஒரு வேலைக்காக அவளும் அதே வார்டில் வேலை பார்க்கும் அப்சானாவும் நர்ஸ் உரிமத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார்கள். இங்கே தலை நரைக்கும்வரை ஸ்டாஃப் நர்ஸாகவே இருக்க வேண்டும் என்பது தங்கப்பொண்ணுவின் ஆத்திரம். அப்சானா காஜிமார் தெருப் பெண். அவள் கணவன் இஜாஸ் ஆறு வருஷமாக அந்த ஊரில்தான் இருக்கிறான். கல்யாணமானதிலிருந்து இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டார்: மதுரைக்கு ஒரே இடம், கூடுதல் மார்க் வாங்குகிறவருக்கு.

இந்தத் தேர்வுக்கு எங்கள் நர்ஸுகள் படிக்கும் விதமே தனி. முன்னால் எழுதியவர்கள் ஞாபகத்திலிருந்து சொல்லும் கேள்விகள் ஏ, பி, சி, டி என்று நாலு விடைகளோடு வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றும். சரியான எழுத்துகள் கடைசியில் தனிப் பட்டியலாக வரும். கேள்வியின் முதல் சொல், விடையின் எழுத்து, இரண்டும் போதும். ‘டிகாக்சின் டி, இன்சுலின் ஏ’ என்று வாய்ப்பாடு மாதிரி உருப்போடுவார்கள். அப்சானா நூற்றிருபது விடைகளையும் ஒரு தாளில் எழுதி, ஜெராக்ஸ் எடுத்துத் தங்கப்பொண்ணுவிடம் கொடுத்தாள். கேட்காமலே கொடுத்ததுதான் அவள் செய்த தப்பு.

தங்கப்பொண்ணு ஒவ்வொரு விடையையும் பாடப்புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு நாள் டீ நேரத்தில் கவுண்டருக்கு வந்தாள்.

“அண்ணே, ஹெபாரின் கூடிப்போயி ரத்தம் நிக்காம ஓடுனா எதக் குடுத்து முறிக்கணும்?”

“புரோட்டமின்.”

“இவ பி-ன்னு போட்டிருக்கா. பி வைட்டமின் கே.”

“அது வார்ஃபரின் மாத்திரைக்கு.”

“ரெண்டு இன்சுலின ஒரே சிரிஞ்சுல எடுத்தா?”

“தெளிஞ்சது மொதல்ல. கலங்கலா இருக்கறது பொறகு.”

“இதுல தலைகீழ்.”

தாளை விரித்து வைத்தாள். நாற்பது வரை எல்லாம் சரி. அதற்குக் கீழே பத்துக்கு ஏழு தப்பு.

“பாத்தீங்களா? நாப்பது வரைக்கும் சரியா எழுதி நம்ப வச்சுட்டு, கீழ குழி பறிச்சிருக்கா.”

“ஜெராக்ஸ்தான? அவளும் இதையேதான படிக்கிறா?”

“எனக்குன்னு தனியா ஒண்ணு எழுதி ஜெராக்ஸ் எடுத்திருப்பா. ஒந் தாளக் காட்டுன்னு நேத்துக் கேட்டேன். சட்டுன்னு மடிச்சுப் பைக்குள்ள போட்டுட்டா. மூஞ்சி செத்துப் போச்சுண்ணே.”

அது எனக்கும் இடித்தது.

“அவகிட்ட மூச்சு விட்றாதீங்க,” என்றாள். சரி என்றேன். மதியம் அப்சானா கவுண்டருக்கு வந்து சிரித்தபோது, அந்தச் சிரிப்பில்கூட ஏதோ உள்நோக்கம் இருப்பதாக எனக்குப் பட்டது. சந்தேகம் ஒட்டுவாரொட்டி.

சென்னையில் தேர்வு. இருவரும் வைகை எக்ஸ்பிரஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போனார்கள். திண்டுக்கல் தாண்டியதும் அப்சானா கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தாளாம். “அக்கா, ஹெபாரின் பி தான?” என்று கேட்டாளாம். திரும்பி வந்ததும் தங்கப்பொண்ணுதான் சொன்னாள்.

“நீ என்ன சொன்ன?”

“ம்முன்னேன்.”

“தெரிஞ்சேவா?”

“என்னைய ஆழம் பாக்குறான்னு நெனச்சேண்ணே. அதான்.”

முடிவு வந்தது. தங்கப்பொண்ணு நல்ல மார்க்கில் தேறிவிட்டாள். அப்சானா தோற்றுவிட்டதாக வார்டில் பேசிக்கொண்டார்கள். அப்படியென்றால் அவளும் அதே தாளைத்தான் படித்தாளா என்று கேட்டேன். தங்கப்பொண்ணு அப்போதும் மசியவில்லை. “ரிசல்ட்டக் கண்ணால பாத்தமா?” என்றாள்.

மறுநாள் காலை அவள் கவுண்டரில் நின்றபோது அப்சானாவே வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பையிலிருந்து தன் தாளை எடுத்து எங்கள் முன்னால் வைத்தாள். மையில் எழுதிய தாள். ஜெராக்ஸில் இருந்ததேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை.

“என்னைய மன்னிச்சிருங்கக்கா. வாட்ஸப்பப் பாத்து எழுதுறப்ப நாப்பத்தொண்ணாவது விடைய விட்டுட்டேன். கீழ எல்லாமே ஒரு வரி மேல ஏறிப்போச்சு. நேத்துத்தான் பாத்தேன். இதையே ஒங்களுக்கும் குடுத்தனே! நீங்க பொஸ்தகத்தப் படிச்சதால தப்பிச்சீங்க. இல்லேன்னா ஒங்களையும் கெடுத்திருப்பேன். அல்லா காப்பாத்துனான்.”

தங்கப்பொண்ணு நாற்பத்தொன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

“ஹெபாரினுக்கு என்னன்னு என் கைக்குத் தெரியும்க்கா. அங்க ஒக்காந்தப்ப கொழம்பிப் போச்சு. தாளுல பி இருக்கு, அக்காவும் ஆமான்னாங்களேன்னு...”

தாளின் பின்னால் இன்னும் இரண்டு காகிதங்கள் குத்தியிருந்தன. முந்தைய இரண்டு தேர்வுகளின் முடிவு. இரண்டிலும் தோல்வி.

“அன்னைக்கு ஒளிச்சது இதுக்குத்தான். ரெண்டு தடவ தோத்தவன்னு தெரிஞ்சா சேந்து படிக்க மாட்டீங்கன்னு வெக்கமா இருந்துச்சு. மூணு தடவதான் எழுத விடுவாங்க. முடிஞ்சிருச்சு. இஜாஸ்கிட்ட இன்னும் சொல்லல.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “டூட்டிக்கு நேரமாச்சு, வாரேன்க்கா. நீங்களாவது நல்லபடியாப் போய்ட்டு வாங்க.”

அவள் மாடியேறிப் போனபின் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தங்கப்பொண்ணுவின் கையில் நான் கொடுத்த அட்டை அப்படியே இருந்தது. தேதி பார்க்க மறந்திருந்தாள்.

“நாந்தான் இப்படிப் பொறந்தவ,” என்றாள் கடைசியில். “ஒங்களுக்கு என்னண்ணே கேடு? நீங்களாவது அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

நீதானே மூச்சு விடாதே என்றாய் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம். ஹெபாரினுக்கு எது முறிவு என்று எனக்குத் தெரியும். அன்று மதியம் என்னைப் பார்த்துச் சிரித்த பெண்ணிடம் அதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.