பின்கதவு மட்டும் அடங்கல

நீங்க சிரிச்சாலும் பரவால்ல, ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க. பேய், பிசாசு, காத்துக் கருப்பு எதையும் நம்புன ஆளு இல்ல நான். விருதுநகர்ல மைக் செட் கடை வச்சிருந்தேன், சத்தம்தான் எனக்குப் பொழப்பு. ஒரு இடத்துல சத்தம் வருதுன்னா அங்கன ஏதோ ஒண்ணு கழண்டு கெடக்குன்னு அர்த்தம், கைய வச்சு அமுக்குனா நின்னுரும், அம்புட்டுதான் எனக்குத் தெரிஞ்ச சாஸ்திரம்.

ரோட்டுல மைல் கல்லப் பிடுங்கிட்டு கிலோமீட்டர் கல்லு நட்டுக்கிட்டிருந்த காலம் அது. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி, அண்ணாச்சின்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம், தன்னோட பழைய பிளஷர் காரை விளம்பர வண்டியா மாத்தியிருந்தாக. மேல ரெண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ள பேட்டரி, ஆம்பிளிபயர், ரிக்கார்டு பெட்டி. தீவாளி சீசனுக்கு ஊர் ஊராப் போய் வேலைக்கு ஆள் கூப்பிடணும். ஆனா சத்தத்தக் கூட்டுனா காரே ஆடும். கதவு படபடங்கும், கண்ணாடி கிலுகிலுங்கும், டிக்கி மூடி தனியாத் தாளம் போடும். போற ஊர்லயெல்லாம் சனம் சிரிக்குதுன்னு அண்ணாச்சிக்குக் கோவம். "ஒரு வாரத்துல அந்தத் தகரத்தோட வாய அடச்சிருப்பா"ன்னு என்னைக் கூப்பிட்டு விட்டாக.

அந்த வண்டிக்கு டிரைவர் மாடசாமி. என்னை விட நாலஞ்சு வயசு எளையவரு, அதிர்ந்து பேச மாட்டாரு. அவரு ரிக்கார்டப் போட்டு சத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுவாரு, நான் கார் பூரா உள்ளங்கைய வச்சுத் தடவிக்கிட்டே வருவேன். எது அதிருதோ அத அங்கனயே அடைக்கிறது. ஸ்பீக்கர் கால் நாலுக்கும் லாரி டியூப வெட்டிக் குடுத்தேன். கண்ணாடி ஓடுற பள்ளத்துல கம்பளித் துண்டு. நம்பர் பலகைக்குத் தோல் வாசர். கதவு அட்டையக் கழட்டி, சாக்க உருகுன தார்ல முக்கித் தகரத்தோட உள்பக்கம் ஒட்டுனேன். மூணாம் நாளு காரு ஊமையா நின்னுச்சு, பாட்டு மட்டும் கேட்டுச்சு.

இடது பக்கப் பின்கதவு மட்டும் அடங்கல.

அது மத்த சத்தம் மாதிரி இல்ல, அதத்தான் சொல்ல வர்றேன். தகரம் அதிர்ந்தா பாட்டோட சேர்ந்துதான் அதிரும். பாட்டு ஒரு பக்கம் போக, இது ஒரு பக்கம் மூணு தட்டு தட்டும், நிக்கும், மறுபடி மூணு தட்டு. கதவக் கழட்டிக் கீழ வச்சுப் பாத்தேன், உள்ள ஒண்ணுமில்ல. மறுபடி மாட்டிக் கைய வச்சா, நம்புனா நம்புங்க, என் உள்ளங்கைக்கு நேரா அந்தப் பக்கமிருந்து விரல் முட்டியால தட்டுன மாதிரி இருந்துச்சு. கைய நகத்துனேன். தட்டும் கூடவே நகந்து வந்துச்சு.

மாடசாமியத் திரும்பிப் பாத்தேன். அவரு ரிக்கார்ட நிறுத்திட்டுக் குனிஞ்சுக்கிட்டாரு. "அது அப்படித்தாண்ணே, விடுங்க"ன்னாரு.

விடுறதா? எனக்கு ரோசம் வந்துருச்சு. இருந்த தார்ச் சாக்க எல்லாம் அந்தக் கதவுக்குள்ள திணிச்சு, கதவ அசையவிடாம ஆப்பு வச்சு அடிச்சேன். சத்தம் நின்னுச்சு. மறுநாள் ஓட்டிப் பாத்துருவோம்னு கெளம்புனோம்.

விஸ்வநத்தம் ரோடு, உச்சி வெயிலு, ரோட்டுல ஈ காக்கா இல்ல. மாடசாமி ஓட்டுறாரு, நான் பக்கத்துல மைக்கப் பிடிச்சு "வேலைக்கு ஆள் எடுக்குறாக, வாங்க, வாங்க"ன்னு சொல்லிக்கிட்டு வாரேன். கம்பெனி வாசல் தூரத்துல தெரியவும் பின்னால தட்டுனுச்சு. மூணு தட்டு. அப்புறம் விடாம தட்டுனுச்சு. அது மைக்குல ஏறி, மேல இருக்குற குழாய்ல எடுத்து, அந்தப் பொட்டல் பூரா டொம்டொம்னு கேக்குது. வேப்பமரத்தடியில சோறு தின்னுக்கிட்டிருந்த பொம்பளைக எல்லாம் எந்திரிச்சுட்டாக. நான் பதறி செட்ட அணைச்சேன். அணைச்ச பெறகும் கதவுல தட்டு நிக்கல.

மாடசாமி கம்பெனி வாசல்ல வண்டிய நிறுத்துனாரு. மொகம் பூரா வேர்வையா கண்ணீரான்னு தெரியல. "போன வருசம் இங்கன தீப்பிடிச்சப்ப ராமலக்குமின்னு ஒரு பொம்பளைய இந்தப் பின்சீட்டுலதாண்ணே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வழி நெடுக இந்தக் கதவத் தட்டிக்கிட்டே வந்தா. தண்ணிக்குத் தட்டுறான்னு நெனச்சேன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"தண்ணிக்கு இல்லையா?"

"தங்கச்சி பேப்பர் ரூமுக்குள்ள இருக்கா, வண்டியத் திருப்புன்னு வாய் விட்டுச் சொன்னாண்ணே. எனக்கு நல்லா விளங்குச்சு. திருப்புனா இவளும் வழியில போயிருவாளோன்னு பயந்து நான்தான் திருப்பல. இவளும் பொழைக்கல. அந்தப் பிள்ளைய சாயங்காலம்தான் எடுத்தாக, தீ அந்த ரூம் பக்கமே போகல, பொகையிலயே போயிட்டா."

சொல்லிட்டு எறங்கிப் போனாரு. நான் வச்ச ஆப்பப் பிடுங்கிப் பின்கதவத் தெறந்தாரு. "எறங்கு தாயீ, வந்துட்டோம்"ன்னாரு.

வண்டியோட அந்தப் பக்கம் ரெண்டு அங்குலம் மேல ஏறுச்சு. ஒரு ஆள் எறங்குனா ஸ்பிரிங் எப்படி எந்திரிக்குமோ அப்படி. நான் உள்ளதான் உக்காந்திருக்கேன், என் ஒடம்பு சாஞ்சுச்சு. தட்டு நின்னுபோச்சு.

மாடசாமி பேப்பர் ரூமப் பாத்து ஓடுனாரு, நானும் பின்னாலயே ஓடுனேன். கதவு சாத்தியிருந்துச்சு, தெறக்க வரல. ரெண்டு பேரும் தோளக் குடுத்துத் தள்ளுறோம், உள்ள இருந்து யாரோ முட்டுக் குடுத்த மாதிரி திமிறுது. கங்காணி ஓடியாந்து, "பூட்டவே இல்லையேப்பா அது"ன்னாரு. பாத்தா சங்கிலி சும்மா தொங்குது. சட்டுனு தள்ளுன எடம் வெறும் எடமாச்சு, நான் உள்ள போய்க் குப்புற விழுந்தேன்.

மூலையில பேப்பர் கட்டுகளுக்கு நடுவுல பேச்சியம்மான்னு ஒரு பொண்ணு, அந்த வாரம்தான் வேலைக்குச் சேந்தது, மயங்கிக் கெடந்துச்சு. அந்த ரூமு வெக்கையில இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஒண்ணும் மிஞ்சியிருக்காது. அதே காருல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனோம். வண்டி ஒரு சத்தம் போடல. பொண்ணு பொழச்சுருச்சு.

அடுத்த வாரம் மாடசாமி வேலைய விட்டுட்டாரு. சொந்த ஊருக்குன்னு பஸ் ஏறுனவரு போய்ச் சேரவே இல்ல. அவரு சம்சாரம் ஒரு மாசம் கழிச்சு என் கடைக்கு வந்து, "அவுகளப் பாத்தீகளா"ன்னு கேட்டுட்டு அழுதுகிட்டே போச்சு. கடைசி வரைக்கும் தகவல் இல்ல. செத்த பொம்பள வந்து ஒரு உசுரக் காப்பாத்திட்டுப் போயிருக்கான்னு நான் ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன், அப்படி நெனக்க நல்லாவும் இருந்துச்சு.

நாலு வருசம் கழிச்சு இருக்கும், இருக்கன்குடிக் கோயில்ல ஆடி வெள்ளிக்குக் குழாய் கட்டப் போயிருந்தேன். இடுப்புல பிள்ளையோட பேச்சியம்மா வந்து கும்பிட்டுச்சு. அன்னைக்கு உள்ள என்னம்மா நடந்துச்சுன்னு கேட்டேன்.

"பேப்பர் எடுக்கப் போனேண்ணே. கதவுக்கு முதுகக் குடுத்து ஒரு பொண்ணு நின்னுச்சு. என் வயசுதான் இருக்கும். என்னை வெளிய போக விடல. எங்கக்கா வர்ற வரைக்கும் நீ என்கூட இருன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் காரு வந்து நின்ன சத்தம் கேக்கவும், எங்கக்கா வந்துட்டாளான்னு கேட்டுச்சு. வந்துட்டாகன்னு பொய் சொன்னேன்."

"அதுக்கு அப்புறம் விட்டுருச்சா?"

"இல்லண்ணே. இன்னொண்ணு கேட்டுச்சு. அதே டிரைவர்தான் ஓட்டிட்டு வந்தானான்னு கேட்டுச்சு. எனக்கு யாருன்னு என்ன தெரியும், விட்டாப் போதும்னு ஆமான்னு தலையாட்டிட்டேன். அப்பத்தான் கதவ விட்டு நகந்துச்சு, நான் மயங்கி விழுந்துட்டேன்."

பிள்ளைய மறு இடுப்புக்கு மாத்திக்கிட்டு என்னைப் பாத்துச்சு. "அந்த டிரைவர் அண்ணன் நல்லா இருக்காகளாண்ணே?"

நல்லா இருக்காரும்மான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்லச் சொல்றீக?