கடலுக்குள் என்ன காடு?

சேவுகம்பட்டி ஒச்சப்பனின் மகள் பானுப்ரியாவுக்கு வனக்காவலர் வேலை கிடைத்தபோது, கொடைக்கானல் மலையில்தான் போடுவார்கள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். போட்டதோ மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில். நான்கு வருடமாக மண்டபத்திலிருந்து படகில் போய்த் தீவுகளைச் சுற்றி வருகிறாள். விடுப்பில் வரும்போதெல்லாம் அப்பா அதையே கேட்பார்.

"கடலுக்குள்ள என்னத்தா காடு? மரமே இல்லாத எடத்துல எதக் காக்குற?"

அவளும் ஒவ்வொரு முறையும் விளக்குவாள். தாழ்வான மணல் தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை, ஆழமில்லாத இடமெல்லாம் கடற்புல். அதை மேய வரும் கடல் பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அது மேய்ந்து போன தடம், தெளிந்த தண்ணீரில் ஏர் ஓட்டிய சால் மாதிரி தெரியும்.

"எம்புட்டு பால் கறக்கும்?" என்று அம்மா கண்ணம்மாள் கேட்ட அன்றோடு விளக்குவதை விட்டுவிட்டாள்.

போன மாசியில் மூன்று நாள் விடுப்பு. இரண்டாம் நாள் காலையில் அப்பாவோடு தோட்டத்தில் சம்பங்கிப் பூ பறித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆண்டனிராஜ், தீவுப் பக்கம் மீன் பிடிப்பவர்.

"மேடம், வலையில ஆவுளியா மாட்டிருச்சு. உங்க ஆளுக படகு வர ஒரு மணி நேரம் ஆகுமாம்..."

சிக்னல் போய்விட்டது. பானுப்ரியா ஓடிப்போய் மோட்டார் ரூம் கூரை மேல் ஏறிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அது மேல வந்துதான் மூச்சு விடணும். மூக்கத் தண்ணிக்கு மேல வச்சுப் புடிங்க. வால இழுக்காதீங்க. வலைய அறுங்க!"

"புது வலை மேடம்."

"அறுங்கண்ணே!"

கீழே ஒச்சப்பன் கூடையோடு நின்றார். "ஏத்தா, பூ வாடுது. வண்டி வந்துரும், எறங்கு."

"செத்த நேரம் சும்மா இருங்க!"

"நானா மேடம்?" என்றார் ஆண்டனிராஜ்.

"நீங்க இல்லண்ணே! நீங்க அறுங்க!"

மறுபடி சிக்னல் இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருடம், தீவு மணலில் செத்துக் கிடந்த ஓர் ஆவுளியாவை அவள்தான் நாடா வைத்து அளந்தாள். அதன் தோலில் வலைத் தழும்பு இருந்தது. அது நினைவுக்கு வர, போனை உதறினாள், கூரையின் மூலைக்கு மூலை நடந்தாள், போன் கம்பெனிக்காரர்களைத் திட்டினாள்.

கால் மணி கழித்து ஆண்டனிராஜே கூப்பிட்டார். "போயிருச்சு மேடம். ரெண்டு தடவ மூச்சு விட்டுட்டு உள்ள போயிருச்சு."

பின்னாலேயே ஒரு சின்ன வீடியோ வந்தது. சாம்பல் நிற முதுகு, மூச்சுச் சத்தம், கலங்கிய தண்ணீர். கூரையிலிருந்து குனிந்து போனை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் கையை நீட்டிப் பிடித்து மூன்று தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எரும கணக்கா இருக்கு. அவருக்கு வலை போச்சா?"

"எழுதிக் குடுத்தா ஆபீசுல ஏதாச்சும் செய்வாக."

"மொதல்ல அத எழுது. பாவம்."

முதன்முறையாக அப்பா சரியான கேள்வி கேட்டிருக்கிறார் என்று தோன்றியது. அந்த நேரம் பூ ஏற்ற அஜித் வண்டியோடு வந்தான்.

"எம் மக திமிங்கலத்தக் காப்பாத்திட்டாடா!" என்றார் ஒச்சப்பன்.

"திமிங்கலம் இல்லப்பா..."

அவர் அதற்குள் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து அதையே கூவிக்கொண்டிருந்தார். பானுப்ரியா தலையில் அடித்துக்கொண்டு, கூரையிலேயே உட்கார்ந்து கடிதத்தைப் போனில் எழுத ஆரம்பித்தாள்.