கிழித்து வைத்த முடிவு

கல்யாணமாகி டெல்லி சரோஜினி நகருக்கு வந்தபோது எனக்கு ஆங்கிலம் சுத்தமாக வராது. என் கணவர் தரியாகஞ்ச் நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்களாகப் பார்த்து வாங்கி வருவார்.

"கொலைகாரன் யாருன்னு தெரியாம உனக்குத் தூக்கம் வராது. தானா படிச்சிடுவே."

அத்தோடு விட்டாரா, பாவி மனுஷன்! கடைசி அத்தியாயத்தைக் கிழித்து ஆபீஸ் மேஜைக்குள் வைத்துக்கொள்வார்.

"இதுவரைக்கும் படிச்ச கதையை இங்கிலீஷ்ல சொல்லு, முடிவைத் தரேன். ஜல்தி!"

தப்பும் தவறுமாகச் சொல்வேன். சிரிக்காமல் கேட்பார்.

ஒரு குளிர்காலத்தில், ஆபீசிலேயே மாரடைப்பில் போய்விட்டார். நான் பாதி படித்திருந்த நாவலின் முடிவை, அவருடைய டிபன் பாக்ஸோடு கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இன்று ஆங்கில நாவல்களைச் சரளமாக வாசிக்கிறேன். அந்தப் பக்கங்களை மட்டும் வாசிக்கவில்லை. இன்னும் அவரிடம் கதை சொல்லவில்லையே.